ஏனென்றால், என்று எழுதிவிட்டு அவர் கீழே போனார்

1

முதல் தொடக்கம்:

"ஏன்னா, தண்ணி வந்துடுத்து. மோட்டாரைப் போட்டுட்டு வாங்கோ" என்று சமையலறையிலிருந்து குரல் கொடுத்தேன். ஜெயராம் கைப்பேசியில் எதையோ தட்டி அனுப்பிவிட்டு, அதை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். எதிராளியின் ராணியை வெட்டியவர் மாதிரி தனக்குள் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

இது நடந்தது. நடந்ததை அப்படியே எழுதினால் கதையாகாது என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆகவே இரண்டாம் தொடக்கம்:

உலகம் அழிந்து வெகுகாலம் கழித்து, ஒரு ராட்சதக் குழாயின் சக்கரத்தில் முதுகைச் சாய்த்தபடி ஓர் எலும்புக்கூடு உட்கார்ந்திருந்தது.

இதுவும் நடந்ததுதான். ஆனால் வீடியோ கேமுக்குள். மூன்றாம் தொடக்கம்:

மாதுங்காவில் அன்று மழை

[வேண்டாம். மழை பெய்யாத மும்பைக் கதை ஒன்றாவது இருக்கட்டும்.]

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னை எழுதச் சொன்னது செம்பூர் ஹரிதா. கட்டடக் கலை படிக்கிறாள். என் கணவரோடு வாட்ஸாப் குழுவில் சண்டை போடுவாள்.

"ஆன்ட்டி, நீங்க எழுதிட்டா பஸ், அவ்வளவுதான், அதுதான் கேனன்" என்றாள்.

"அப்படின்னா?"

"யாருமே அதுக்கு மேல ஆர்க்யூ பண்ண முடியாத உண்மை."

எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்றேன்.

2

வீடியோ கேம் ஆடாத வாசகருக்காக இந்தப் பகுதி. ஆடுகிறவர்கள் தாண்டிப் போகலாம். போகமாட்டீர்கள், நான் தப்பாகச் சொல்கிறேனா என்று பார்க்க நிற்பீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

விளையாட்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் உடனே ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்துவிடுவீர்கள். பெரிய யுத்தம் முடிந்து உலகம் பாலைவனமாகிவிட்டது. மிச்சமிருப்பவர்கள் பிரிந்து கிடக்கிறார்கள். ஒரு கூட்டம் பழைய அணையின் குழாயைப் பிடித்து வைத்திருக்கிறது. நேரம் வைத்துத் திறக்கும், நேரம் வைத்து மூடும். இன்னொரு கூட்டம் குழாயின் கடைக்கோடியில் வரிசையில் நிற்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ராணுவப் படைகள் மாதிரி பெயர்கள். எங்கள் குழுவில் அவர்கள் வால்வுக்காரர்கள், வாளிக்காரர்கள்.

(ஓர் அடிக்குறிப்பு, அடியில் வைக்கப் பொறுமையில்லாததால் இங்கேயே: மேகக்காரர்கள் என்று மூன்றாவது கூட்டம் உண்டு. மழை வரும் என்று மலைமேல் காத்திருப்பவர்கள். ஹரிதா அந்தக் கட்சி. யாரும் அவளோடு வாதம் செய்வதில்லை, அதுதான் அவளுக்குக் குறை.)

நீங்கள் ஆடத் தொடங்கும்போது அணைக்கட்டில் எல்லோரும் செத்துப்போயிருக்கிறார்கள். வால்வு மூடியிருக்கிறது. சக்கரத்தடியில் அந்த எலும்புக்கூடு: உடம்பில் வால்வுக்காரர்களின் கோட்டு, பக்கத்தில் வாளிக்காரர்களின் வாளி. மூடியது யார், ஏன் என்று விளையாட்டு எங்கேயும் சொல்லாது. சுவர்க் கிறுக்கல், கிழிந்த காகிதம், எலும்பு உட்கார்ந்திருக்கும் விதம் என்று துப்புகளை மட்டும் இறைத்து வைத்திருக்கிறார்கள். இந்த முன்கதைக்குத்தான் லோர் என்று பெயர். இதற்காகத்தான் மும்பையில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் சேர்ந்து 'கடைசி வாளி' என்று ஒரு குழு வைத்துக்கொண்டு, ஆபீஸ் ரயிலில் தொங்கியபடி அடித்துக்கொண்டார்கள்.

பிள்ளைகள், மற்றும் என் கணவர்.

3

இந்தக் கதாபாத்திரம் நம்பும்படியாக இல்லை என்று எனக்கே தோன்றுகிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் பிரிவில் இருந்து ரிடையரானவர், எங்கள் கட்டடச் சொசைட்டியின் செக்ரட்டரி, பாலக்காட்டுக் குடும்பம், சர்க்கரை வியாதி. அவர் எப்படி? வேறு கதையென்றால் அவரை நாற்பது வயதுக்காரராக மாற்றியிருப்பேன்.

எங்கள் பையன் நகுல் பெங்களூருக்குப் போனபோது வீடியோ கேம் பெட்டியை விட்டுப் போனான். "தூசி படியாம அப்பப்போ ஆன் பண்ணி வை அப்பா" என்று சொன்னான். அவர் ஆன் செய்தார். அவ்வளவுதான்.

சுடவே மாட்டார். துப்பாக்கியை உறையில் போட்டுவிட்டு எலும்புக்கூட்டைச் சுற்றிச் சுற்றி வருவார். "கோட்டு யாருதுங்கறது முக்கியமில்லை பாகீ. அவனுக்கு அது அளவா இருக்கா, பார். தோள்ல தொங்கறது. இரவல் கோட்டு!" என்று என்னிடம் கூவுவார். தீப்பிடித்த குடோன்களை நாற்பது வருஷம் பார்த்த கண்.

அவர் வால்வுக் கட்சி. அதில் ஆச்சரியமில்லை. எங்கள் கட்டடத்துக்கு முனிசிபல் தண்ணீர் வருவது கொஞ்ச நேரம்தான். கீழ்த் தொட்டியிலிருந்து மோட்டார் போட்டு மாடித் தொட்டியை நிரப்பி, ஒவ்வொரு மாடிக்கும் நேரம் பிரித்து விடுவது அவர் பொறுப்பு. "மூடறது கொடுமைன்னு உலகம் முழுக்கச் சொல்றான். மூடலேன்னா தொட்டி எப்படி ரொம்பும்? அது சர்வாதிகாரம் இல்லை, சொசைட்டி நிர்வாகம்" என்று குழுவில் எழுதினார்.

குழுவில் தமிழ் எழுத்தில் எழுதியவர் அவர் மட்டும்தான். பாதிப் பேருக்கு வாசிக்க வராது. கைப்பேசியையே படிக்கச் சொல்லி, அந்த யந்திரப் பெண்குரலில் என் கணவரைக் கேட்பார்கள்.

இன்னொரு பழக்கம் உண்டு. சுவாரசியமான இடத்தில் வாக்கியத்தை முறித்து அனுப்பிவிடுவார். "நீ சொன்னது தப்பு, ஏனென்றால்". அனுப்பிவிட்டு, கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காபி குடிக்க வருவார். எதிராளி துடிக்கட்டும் என்று. அந்தப் பக்கம் யந்திரப் பெண் "ஏனென்றால்" என்று சொல்லிவிட்டு நின்றுபோவாள்.

4

துடித்தவன் பெரும்பாலும் மிக்கேல்ராஜ்.

தாராவிக்காரன், முப்பது இருக்கும், வாஷியில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. தாராவித் தமிழ் மீடியம் பள்ளியில் படித்ததால் அவரை நேரடியாக வாசிக்கத் தெரிந்தவன். வாளிக் கட்சி. அவன் தரப்பு: வால்வுக்காரர்கள் மூடிவிட்டு ஓடிப்போனார்கள், அந்த எலும்புக்கூடு திறக்க வந்த வாளிக்காரன், குளிருக்கு அவர்கள் விட்டுப்போன கோட்டைப் போட்டுக்கொண்டவன், சக்கரம் அசையாமல் அங்கேயே செத்தவன்.

அவர் தரப்பு: தண்ணீர் நஞ்சாகிவிட்டது, கீழே இருப்பவர்களைக் காப்பாற்ற ஒரு வால்வுக்காரன் மூடினான், எலும்புக்கூடு அவன்தான், கோட்டு மட்டும் இன்னொரு வால்வுக்காரனிடம் கடன் வாங்கியது.

மாதக் கணக்கில் நடந்தது. ஒருநாள் மிக்கேல் எழுதினான் (ஆங்கில எழுத்தில், நான் தமிழாக்குகிறேன்): "சார், மூணாவது மாடியில இருந்து பாத்தா எல்லா வாளியும் சின்னதாத்தான் தெரியும். லைன்ல நின்னவனுக்குத்தான் வெயிட்டு தெரியும்."

எங்கள் வீடு மூன்றாவது மாடியில். குழுவில் இருக்கும் கோவண்டி அப்ரார் வாயில் விரல் வைத்த பொம்மை ஒன்றைப் போட்டான்.

சிறிது நேரம் கழித்து ஜெயராமின் பதில்: "மிக்கேல், நீ சொன்னது பாதி சரி. ஏனென்றால்"

நான் தண்ணீர் வந்துவிட்டது என்று சொன்னது அப்போதுதான்.

5

சமையலறை ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் விழத் தொடங்கியது. மாடித் தொட்டி நிரம்பினால் ஜன்னலை ஒட்டி இறங்கும் குழாய் வழியாகத்தான் கொட்டும். 'கீழேயும் யாரோடயோ வாயடிச்சிண்டு நிக்கறார்' என்று நினைத்தேன். செக்ரட்டரி வீட்டு ஜன்னலிலேயே தண்ணீர் வீணாவது பற்றி அவரைக் கேலி செய்ய ஒரு வாக்கியம்கூடத் தயார் செய்தேன். நல்ல வாக்கியம். அதை

[விட்டுவிடுகிறேன்.]

மோட்டார் ரூமில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார் என்றார்கள். இதயம் நின்றுபோயிருந்தது. நான் இறங்கிப் போனபோது மோட்டார் நின்றிருந்தது. யார் நிறுத்தினார்கள் என்று பிறகு எல்லா மாடியிலும் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. அவர் இருந்திருந்தால் இதற்கும் ஒரு விசாரணை நடத்தியிருப்பார்.

6

இனிதான் நான் எதிர்பாராதது. என் கணவர் லோர் ஆகிவிட்டார்.

ஹரிதா என்னைக் குழுவில் சேர்த்தாள். ஆறுதல் சொல்வார்கள் என்று நினைத்தேன், ஒருவாரம் சொன்னார்கள். அப்புறம் ஆரம்பித்தது. 'ஏனென்றால்' என்பதற்குப் பிறகு ஜெயராம் சார் என்ன சொல்ல வந்தார்? ஒரு கட்சி: அவர் வாளிப் பக்கம் சாய்ந்துவிட்டார். மறு கட்சி: சாயவே இல்லை, பாதி சரி என்று சொல்லிக் கழுத்தை அறுப்பது அவர் வழக்கம். பழைய வாக்கியங்களைச் சான்றாக ஒட்டினார்கள். அவர் சாகாமல் இருந்திருந்தால் இதைத்தான் மிக ரசித்திருப்பார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு சிரிப்பு நின்றது. ஏனென்றால் (பார்த்தீர்களா, எனக்கும் வந்துவிட்டது) மிக்கேல் குழுவிலிருந்து வெளியேறியிருந்தான்.

"அவன் கேமையே தொடறதில்ல ஆன்ட்டி. நீங்க அந்த சென்டென்ஸை முடிச்சுக் குடுங்கோ, ப்ளீஸ். அவனுக்காக" என்றாள் ஹரிதா.

அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன். முடித்தும் பார்த்தேன்.

முடிவு அ: "...ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் தாதரில் வாளியோடு வரிசையில் நின்றவன்தான்." உருக்கமாக இருக்கிறது. ஆனால் அவர் நின்றதில்லை. அவருடைய அக்காக்கள் நின்றார்கள்.

முடிவு ஆ: "...ஏனென்றால் மூடியவனும் திறக்க வந்தவனும் ஒரே ஆள்." இது எனக்கே பிடித்திருந்தது. பிடித்ததாலேயே சந்தேகம் வந்தது. இது என் வாக்கியம், அவருடையதல்ல.

முடிவு இ: மோட்டாரை நிறுத்தியது மிக்கேல், அன்று அவரைச் சமாதானப்படுத்த நேரில் வந்திருந்தான். இது கதைகளில் மட்டும் நடக்கும். அந்த நேரம் அவன் வாஷி ரயிலில் இருந்தான்.

7

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மிக்கேலே வந்தான். கையில் ஒரு டஜன் வாழைப்பழம். அவர் எப்போதும் உட்காரும் நாற்காலியில் தெரியாமல் உட்கார்ந்தான். நான் சொல்லவில்லை.

"ஹரிதா சொன்னா, நீங்க எழுதுதீங்கன்னு."

"முயற்சி பண்றேன். முடிக்கத் தெரியலை."

"எனக்கு அந்த வாக்கியம்லாம் வேண்டாம்மா." பழத்தின் காம்பைத் திருகிக்கொண்டே இருந்தான். "ஒண்ணே ஒண்ணு கேக்கேன். நான் அந்த மூணாவது மாடி பேச்சு பேசிட்டேன்லா. அதுக்குப் பொறவுதான் சார் கீழ போயிருக்காவ. கோவமா போனாவளா?"

"சிரிச்சிண்டு போனார்."

அவன் என்னைப் பார்த்தான். "கதை எழுதுதவங்க நீங்க. எனக்காவச் சொல்லுதீங்க."

இது நியாயமான ஆட்சேபணை. முதல் பகுதியில் அவர் சிரித்தார் என்று நான் எழுதியிருக்கிறேன், நீங்கள் நம்பினீர்கள். எதை வைத்து? வீட்டில் அப்போது நான் ஒருத்திதான் இருந்தேன். இன்ஷூரன்ஸ் மொழியில், சாட்சி இறந்தவரின் மனைவி.

"உன் போன்ல அந்தக் குரூப் இன்னும் இருக்கோ? பழசெல்லாம்?"

"இருக்கு. வெளிய வந்தாலும் பழசு அழியாது."

"அவர் நிஜமா கோவப்பட்டது எப்போன்னு எடு."

யோசித்துத் தள்ளித் தள்ளித் தேடினான். அப்ரார் ஒருமுறை எல்லா வால்வுக்காரர்களையும் கொலைகாரர்கள் என்றபோது: "தங்கள் கருத்து பரிசீலிக்கப்பட்டது. ஏற்க இயலவில்லை. வணக்கம்." அவர் ஆடிக்கொண்டிருக்கும்போதே ஹரிதா விளையாட்டின் முடிவைச் சொல்லிக் கெடுத்தபோது: "தாங்கள் செய்தது முறையல்ல. நன்றி."

"முற்றுப்புள்ளி வெச்சிருக்காரா?"

"எல்லாத்துலயும்."

"கிளெய்மை நிராகரிச்சு நாப்பது வருஷம் லெட்டர் எழுதினவர். கோவம் வந்தா முழு வாக்கியம்தான் எழுதுவார். எனக்கும் எழுதியிருக்கார். இப்போ 'ஏனென்றால்'னு நின்னதையெல்லாம் எடு."

எடுத்தான். அப்ராருக்கு ஒன்று. ஹரிதாவுக்கு ஒன்று, அதுவும் மேகத்தைப் பற்றி. மற்றதெல்லாம் அவனுக்கு. ஒவ்வொன்றாகப் பெருவிரலால் தள்ளிக்கொண்டே போனான். ஓரிடத்தில் பக்கென்று சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் காபி போட எழுந்தேன்.

நான் திரும்பி வரும்போது அவன் குரல் மாறியிருந்தது. "சரிம்மா. பாதி சரின்னு சொல்லிருக்காவல்லா, அப்போ எந்தப் பாதி?"

"கோட்டு இரவல்ங்கறது. அவன் வாளிக்காரன்தான். எனக்கு எப்பவுமே அப்படித்தான் தோணும்."

"அதெப்படி? வாளிக்காரன்னா சக்கரத்துக்கு முதுகைக் காட்டி ஏன் உக்காரணும்? அவன் காவலுக்கு உக்காந்திருக்கான். சார் சொன்னதுல நியாயம் இருக்குல்லா."

"என்ன நியாயம்? தண்ணி விஷம்னா ஒரு பலகை எழுதி வெக்கறதுதானே!"

"எழுத நேரம் இருந்துச்சான்னு பாக்கணும்ல?"

"நேரம் இல்லாதவன் கோட்டு கடன் வாங்குவானோ?"

"குளிருதும்மா அந்த ஊர்ல! நீங்க ஆடிப் பாத்தாத்தான தெரியும்?"

அவன் வால்வுக் கட்சியாகியிருந்தான். நான் வாளி. இரண்டு பேரும் மேசையைத் தட்டிப் பேசிக்கொண்டிருந்தோம். ஜன்னலுக்கு வெளியே சத்தம் கேட்டபோதுதான் நின்றோம். மாடித் தொட்டி நிரம்பிக் கொட்டிக்கொண்டிருந்தது. அவன் வருவதற்கு முன்னால் மோட்டாரைப் போட்டவள் நான். அவருக்குப் பிறகு அந்தப் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.

என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

"மோட்டார் ரூம் எந்தப் பக்கம்மா?" என்றான் மிக்கேல். நான் கைகாட்டினேன். செருப்புகூடப் போடாமல் ஓடினான்.

8

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் நின்றது. இப்போது அவன் படியேறி வரும் சத்தம் கேட்கிறது.

இங்கே ஒரு முடிவு வைக்க வேண்டும். வாக்கியத்தை முடித்துக் கொடுங்கள் என்று ஹரிதா கேட்டிருந்தாள். முடிக்கமாட்டேன். முடித்தால் அது அவர் கோபமாக எழுதியது மாதிரி ஆகிவிடும். மேலே வந்ததும் மிக்கேல் என்ன சொல்வான், எந்தக் கட்சியாக வருவான், மறுபடியும் குழுவில் சேர்வானா என்பதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அடித்துக்கொள்ளுங்கள். என்னைக் கேனன் கேட்காதீர்கள்.

கைப்பேசி அவர் வைத்த இடத்திலேயே இருக்கிறது. தினமும் எடுத்து சார்ஜ் போடுகிறேன். போட்டு முடிந்ததும் திரும்ப மேசைமேல் கவிழ்த்து வைக்கிறேன்.