சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம்

…முப்பத்தாறு லிட்டர் என்கிறார் கடைக்காரர், ஸ்பீக்கர் பெட்டிக்குள் அடைபடப்போகிற காற்றை லிட்டரில் சொல்கிறார், காற்றையும் பால் மாதிரி அளக்கலாம் என்று எனக்கு இந்த வயதில்தான் தெரிகிறது, தலையை ஆட்டி வைக்கிறேன், ஆட்டாமல் என்ன செய்ய, மூச்சு இன்னும் அடங்கவில்லை. டயர் கடையிலிருந்து இங்கே வர ஒரு தெரு முழுக்க நடந்திருக்கிறேன், கைத்தடியை ஊன்றி ஊன்றி, நடுவில் இரண்டு முறை சுவரைப் பிடித்துக்கொண்டு… நூல் வாங்கிவிட்டு வருகிறேன் என்று மச்சினனிடம் புளுகிவிட்டு வந்தேன். அவன் கார் அங்கே ஜாக்கியில் நிற்கிறது, டிக்கியில் என் சக்கர நாற்காலி. "இருங்க மாமா, சேரை எடுத்துத் தர்றேன்" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் "நூல் கடை இந்தாதானே இருக்கு, எனக்கென்ன காலா இல்ல" என்று வீறாப்பாகக் கிளம்பிவிட்டேன், வீறாப்பு பாதித் தெருவிலேயே தீர்ந்துபோனது, மீதிப் பாதியைப் பயத்தில் நடந்தேன். வாசலில் கண் இருட்டிக்கொண்டு வந்தபோது கடைக்காரர்தான் ஓடிவந்து பிடித்து, பழைய மெத்தை போட்ட ஒரு பெட்டியின் மேல் உட்கார வைத்தார், தண்ணீர் கொடுத்தார், கழுத்தில் இன்ச் டேப்போடு வந்தவனுக்கு ஸ்பீக்கர் கடையில் என்ன வேலை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்லா இருக்கட்டும் அந்த மனுஷன்.

என்ன வேலையா… கடன் தீர்க்கிற வேலை என்று சொன்னால் மச்சினன் அடிக்கவே வருவான். எனக்குச் சங்கீதம் என்றால் தையல் மெஷின் சத்தம்தான், அவனுக்கு அப்படி இல்லை, அவனுக்குப் பாட்டில் பாட்டே வேண்டாம், அடியில் தும்தும் என்று ஒன்று அடிக்குமே அது வேண்டும். டிக்கி முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு பெட்டி வைத்திருந்தான், அந்தத் தும்தும்முக்கென்றே செய்த பன்னிரண்டு இன்ச் சப்வூஃபர், கார் தெருமுனை திரும்பும் முன்பே எங்கள் வீட்டு அலமாரியில் டம்ளர்கள் நடுங்கும், இவள் "வந்துட்டான் என் தம்பி" என்று டீக்குத் தண்ணீர் வைப்பாள், நான் காதைப் பொத்திக்கொண்டு திட்டுவேன், என்ன திட்டு திட்டியிருப்பேன்! அப்புறம் அந்தக் காய்ச்சல் வந்தது, பதினோராம் நாள் காலையில் எழுந்திருக்கப் பார்த்தால் கால் இரண்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து விட்ட அன்று நாற்காலியை வைக்கக் காரில் இடமில்லாமல் நாங்கள் மூன்று பேரும் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறது, நானெங்கே நின்றேன், நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் அவன் வந்தபோது டம்ளர் நடுங்கவில்லை. பெட்டி எங்கடா என்றேன். "அலுத்துப் போச்சு மாமா, ஒரே தலைவலி, குடுத்துட்டேன்." நம்பினேன். நம்பினேனா? நம்புவது வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

கால் பயிற்சிக்கு வாரம் மூன்று நாள், இரண்டு வருஷம். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன், ஒன்பது மணிக்கு வேலைக்குப் போக வேண்டும், ஏழுக்கே வந்து என்னைக் குழந்தை மாதிரி தூக்கி முன் சீட்டில் வைத்து, நாற்காலியை முழங்காலால் ஒரு தட்டுத் தட்டி மடித்து டிக்கியில் போடுவான், பயிற்சி முடியும் வரை வராந்தாவில் குந்தியிருப்பான். ஒரு நாள், ஒரே ஒரு நாளாவது முகம் சுளித்திருக்கலாம், எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பாட்டு போடுவான், பெட்டி இல்லாத பாட்டு சொத்தையாகக் கேட்கும், அடிச்சத்தத்தை அவனே வாயால் போட்டுக்கொள்வான், தும்… தும்தும்… ஸ்டியரிங்கில் விரல் தாளம் வேறு. "ஏண்டா மாப்ள, வாயில பேட்டரி தீராதா?" என்பேன். "உங்க வாயே தீரலையே மாமா" என்பான். சிரிப்போம். அந்த தும்தும்மைத்தான் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன், கூடப் பிறந்தவன்கூட இவ்வளவு செய்ய மாட்டான், இதை அவனிடம் சொல்ல வாய் வந்ததா எனக்கு, வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை.

"அப்ப இந்தப் பத்து இன்ச்ச எடுத்துக்குங்க, முப்பத்தாறு லிட்டருக்குக் கச்சிதமா உக்காரும்," என்று கடைக்காரர் ஒன்றைத் தூக்கி வைக்கிறார், பின்னால் சட்டி மாதிரி காந்தம். நல்ல கனம். சரி என்று சொல்ல வாயெடுக்கிறேன், அவர் மறுபடி நான் அளவெழுதிக் கொடுத்த சீட்டைப் பார்க்கிறார், நெற்றியைச் சுருக்குகிறார். "பதினாறு, பதினாறு, பன்னெண்டு… நாற்காலி மடிச்சு நின்னது போக இவ்ளோ இடம் வருமா அந்தக் கார்ல? சின்ன டிக்கிங்களே." வருமே, நானே அளந்தேனே, நேற்று மச்சினன் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்க இவள் வாசலில் காவல் நிற்க, திருடன் மாதிரி டிக்கியைத் திறந்து… அளந்தேன், எழுதினேன்… அட கடவுளே. எழுதும்போது இரண்டு இன்ச் கூட்டி எழுதியிருக்கிறேன்! தையலுக்கு விடுகிற இரண்டு இன்ச். முப்பது வருஷமாக டேப்பில் ஒன்றைப் பார்த்துத் தாளில் ஒன்றை எழுதிய கை, டிக்கிக்கும் அதையே செய்துவிட்டது, காருக்குச் சட்டை தைக்கப் புறப்பட்ட மடையன் உலகத்தில் நான் ஒருவன்தான். சொன்னதும் கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரிக்கிறார், நானும் சிரிக்கிறேன். "துணின்னா வெட்டிக்கலாம், டிக்கிய என்னங்க பண்றது?" பதினாலு, பதினாலு, பத்து என்று திரும்ப எழுதிக்கொள்கிறார், பலகை கனத்தைக் கழிக்கிறார், காந்தம் அடைக்கிற இடத்தைக் கழிக்கிறார், கடைசியில் இருபது லிட்டர். நல்லவேளை கேட்டார், வேறு கடையாக இருந்தால் கட்டிக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள்.

பத்து இன்ச் போய்விட்டது. "இதுக்குள்ள அத அடைச்சா இறுக்கிப் பிடிச்ச சட்டை மாதிரிங்க, கைய வீச முடியாது, ஒரே சத்தமா குமுறும், ஆழம் வராது. சின்னப் பெட்டிக்குன்னே செஞ்ச எட்டு இன்ச் இருக்கு, ஓட்டை இல்லாம மூடின பெட்டியில போடணும். அதிரடியா இருக்காது, சுத்தமா இருக்கும்." சொல்லிவிட்டு என்னைப் பார்க்கிறார். "ஆமா, அந்த நாற்காலி அங்கயேதான் இருக்குமா? அது போயிடும்னா சொல்லுங்க, டிக்கி மொத்தமும் நமக்குத்தான், பன்னெண்டே போடலாம்."

அது போயிடும்னா… பயிற்சி கொடுக்கிற அம்மாவிடம்கூட இந்தக் கேள்வியை நான் கேட்டதில்லை, ஐம்பது அடி நடந்தால் கைதட்டுவார், நாற்காலி எப்போது போகும் என்று அவரும் சொன்னதில்லை, இன்றைக்கு ஒரு தெரு நடந்துவிட்டேன், நாளைக்கு? அடுத்த மழைக்கு முழங்கால் பிடித்துக்கொண்டால்? என்ன பதில் சொல்வது இவருக்கு… கை சும்மா இருக்காமல் உட்கார்ந்திருக்கிற பெட்டியின் ஓரத்தைத் தடவுகிறது, மெத்தைக்கு அடியில் கெட்டித் துணி, மூலையில் உள்மடிப்புக் கைத்தையல், இரட்டை முடிச்சு. யார் போடுவார்கள் இப்படி மெனக்கெட்டு என்று குனிந்து பார்க்கிறேன். சாம்பல் துணியில் நாலு தையல் மட்டும் நீல நூல். மச்சினன் பெட்டிக்கு உறை தைத்தபோது சாம்பல் நூல் தீர்ந்துபோய் நான் போட்ட நீலம். "பெட்டிக்குப் பாவாடை தச்சுட்டீங்களே மாமா" என்று அவன் தெருவே கேட்கச் சிரித்தானே…

"இது…" என்கிறேன். "அது விக்கிறதுக்கு இல்லீங்க, பழைய கஸ்டமர் வச்சிட்டுப் போனது. வீட்ல ஒருத்தருக்குக் கால் வரலையாம், அவரு நடந்துட்டா நாற்காலிய இறக்கிட்டு இத ஏத்திக்கிறேன், ஆறு மாசம் இருக்கட்டும்னாரு. ரெண்டு வருஷமாச்சு. மாசம் ஒருக்கா வந்து தட்டிப் பாத்துட்டுப் போவாரு…" பேசிக்கொண்டே என் கைத்தடியைப் பார்க்கிறார், அளவுச் சீட்டைப் பார்க்கிறார், பேச்சை நிறுத்திவிட்டு மேஜையைத் துடைக்க ஆரம்பிக்கிறார்.

தலைவலி என்றானே பாவி. என் கால் மேல் நான் வைக்காத நம்பிக்கையை இங்கே மூலையில் வைத்துவிட்டு, மாசா மாசம் வந்து தட்டிவிட்டு, எங்களிடம் வாயால் தும்தும் போட்டுக்கொண்டு… ஸ்பீக்கர் கடையில் உட்கார்ந்து ஒரு கிழவன் அழுதால் நன்றாகவா இருக்கும். பன்னிரண்டையே ஏற்றச் சொல்லிவிடலாமா, நாற்காலியை வீசிவிட்டு? அவனுக்கு அதுதான் சந்தோஷம். ஆனால் நாளைக்குக் கால் மறுபடி மக்கர் பண்ணினால் அவன்தான் அந்தப் பெட்டியை மறுபடி இங்கே தூக்கி வருவான், மறுபடி தலைவலி என்பான். வேண்டாம். என் கால் வரும்போது வரட்டும், வராமலும் போகட்டும், அதற்காக அவன் பாட்டு ஏன் காத்திருக்க வேண்டும், காத்திருந்தது போதாதா. "எட்டு இன்ச் குடுங்க," என்கிறேன், "இருபது லிட்டருக்கு ஒரு பெட்டி அடிச்சு வைங்க. இது… இது இங்கயே இருக்கட்டும்."

போன் அடிக்கிறது. "மாமா, நூல் கடையில நீங்க இல்ல, எங்க போனீங்க?" குரலில் பதற்றம். சொல்கிறேன். "அசையாதீங்க, வர்றேன்." வருகிறான், காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக, வாசலில் நின்று என்னைப் பார்க்கிறான், நான் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறேன் என்றும் பார்க்கிறான். "இவ்ளோ தூரம் நடந்தா வந்தீங்க?" நடந்தேன், ஆனால் திரும்பி நடக்க முடியாது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது, நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறேன், ஸ்பீக்கர் அட்டைப்பெட்டியைக் கடைக்காரர் என் மடியில் வைக்கிறார். "மரப்பெட்டி வெள்ளிக்கிழமை ரெடியாயிடும்" என்கிறார் மச்சினனிடம்.

தெருவில் தள்ளிக்கொண்டு போகிறான். தும்தும் இல்லை. "நூல் வாங்கலியா மாமா?" என்கிறான் ஒரு நேரத்தில், குரல் எப்படியோ இருக்கிறது. "மறந்துட்டேன்டா." சக்கரம் நிற்கிறது, சாலையில் வண்டி எதுவும் வரவில்லை, ஆனாலும் நிற்கிறது. எத்தனை நாள் தள்ளியிருப்பான் இப்படிப் பின்னாலிருந்து, தள்ளும்போது அவன் முகம் எப்படி இருக்கும் என்று ஒரு நாளாவது நான் பார்த்திருக்கிறேனா… இப்போது திரும்பினால் பார்த்துவிடலாம். மடியில் இருப்பதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.