காரணம் எழுதாத மனுக்கள்

உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வச்சிருக்கிற ரம்லத் நான்தான். பதினாலு வருசமா இங்கன யாருக்கு மனு எழுதணும்னாலும் என்கிட்டத்தான் வருவாக. பட்டா, ரேஷன் கார்டு, விதவைப் பென்ஷன், போலீஸ் புகார், எதுன்னாலும் டைப் அடிச்சுக் குடுப்பேன். ரம்லத்துக்கு வாய் நீளம்னு ஊருக்குள்ள பேச்சு. நீளம்தான், இல்லைங்கல. அந்த வாய மனுவுல மட்டும் நான் சுருட்டி வச்சிருந்தேன். அந்தக் கூத்தத்தான் இப்பச் சொல்றேன்.

போன செவ்வாக்கிழமை மத்தியானம் எங்க வீட்டுக்காரர் மீரான் மைதீன் கடை வாசல்ல வந்து நின்னாக. இடது கை தொங்கிக் கெடக்கு. சட்டை பூராம் திராட்சைச் சாறு. அவுக காமயகவுண்டன்பட்டித் தோட்டத்துல பன்னீர் திராட்சை எடுத்து, குட்டியானை வண்டியில மைக் போட்டு ஊரு ஊரா விக்கிறவக.

"என்ன மச்சான், வண்டி கிண்டி கவுந்துருச்சா?"ன்னு பதறிப் போயிக் கேட்டேன்.

"இல்லத்தா. நாலு பேரு மறிச்சானுக. பணம் அனுப்புற ஸ்கேனர் அட்டையில பேரப் படிச்சுட்டு, 'உங்க ஆளுகட்ட வாங்கித் திங்கக் கூடாதுன்னு முடிவு பண்ணியாச்சு, தெரியாதா?'ன்னான் ஒருத்தன். பெட்டிய எல்லாம் ரோட்டுல கொட்டி மிதிச்சானுக. தடுத்தேன். கம்பியால போட்டுட்டானுக."

அந்தத் தெருவுல இட்லிக் கடை போட்டிருக்கிற ராஜாத்திங்கிற அம்மாதான் கரண்டியும் கையுமா ஓடி வந்து, "ஏலே, மனுசன் செத்துருவான், விடுங்கடா"ன்னு சத்தம் போட்டு விலக்கி விட்டிருக்கு. அந்தம்மா நல்லா இருக்கணும். அது எந்த ஊருன்னு சொல்ல மாட்டேன். நாலு பயலுக செஞ்சதுக்கு ஊருக்கே கெட்ட பேராக்கக் கூடாது.

பெரியாஸ்பத்திரியில மணிக்கட்டு எலும்பு விட்டுருச்சுன்னு மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினாக. சாயங்காலம் அவுக அண்ணன் ராஜா முகம்மது கடைக்கு வந்தாக. ஜமாத்துக் கமிட்டியில இருக்காக, நாலு அதிகாரிகளத் தெரியும், எனக்குப் பெரிய மச்சான்.

"மனு எழுது ரம்லத்து. ஆனா மதம் கிதம்னு இழுத்துப்புடாத. குடிச்சுப்புட்டு எவனோ தகராறு பண்ணிட்டான்னு போடு. எப்பவும் எழுதுவேல்ல, அதே மாதிரி."

அவுக சொல்லிட்டுப் போயிட்டாக. எப்பவும் எழுதுவேல்லங்கிற வார்த்தை மட்டும் எனக்குள்ள நின்னுபோச்சு. நிசந்தான். எங்கிட்ட அதுக்குன்னே ஒரு மாடல் இருக்கு. 'மது போதையில் இருந்த அடையாளம் தெரியாத நபர்கள்'னு ஆரம்பிக்கும். பேரு, தேதி, இடத்தோட தகராறுக்கு ஒரு சப்பைக் காரணத்த மட்டும் மாத்துனாப் போதும்.

கம்ப்யூட்டர்ல அந்தப் பழைய மனுவ எல்லாம் தேடி எடுத்தேன். ஒண்ணு ரெண்டு இருக்கும்னு நெனச்சேன். பதினொண்ணு வந்துச்சு. முந்தின வருசம் ரெண்டு, போன வருசம் மூணு. இந்த வருசம் புரட்டாசி இன்னும் முடியல, ஆறு.

ஒவ்வொண்ணாத் திறந்தேன். கிருபாவதி அக்கா தையல் மெஷின் வச்சுப் பொழைக்குது. ஞாயித்துக்கிழமை அஞ்சாறு பொம்பளைகளச் சேத்துக்கிட்டு வீட்டுக்குள்ள ஜெபம் பண்ணும். 'ஆள மதம் மாத்துறியா'ன்னு கேட்டுக் கல்ல விட்டு ஜன்னல ஒடச்சானுக. அழுதுகிட்டே என் முன்னாடி உக்காந்து அப்படித்தான் சொல்லுச்சு. நான் எழுதுனது என்ன? 'சத்தம் தொடர்பான வாய்த்தகராறு.' காலேஜ் படிக்கிற ஃபர்ஹீன் முக்காட்ட பஸ்ஸுல உருவி ஜன்னல் வழியா எறிஞ்சானுக. அதுக்கு நான் போட்டது 'பேருந்து நெரிசலில் ஏற்பட்ட பிரச்சனை'. சீ, நானெல்லாம் ஒரு பொம்பள!

தேதியப் பாத்தா இன்னும் மோசம். பதினொண்ணுல எட்டு, போன்ல ஏதாவது ஒரு வீடியோ சுத்துன நாலு நாளைக்குள்ள நடந்துருக்கு. பழத்துல என்னமோ கலக்குறாகன்னு ஒரு பொய், வீடு வீடாப் போயி மதம் மாத்துறாகன்னு ஒரு பொய். வீடியோ வரும், பின்னாலயே அடி வரும். மூணு வருசமா இது கண்ணு முன்னால வளந்துருக்கு. ஒரு ஆபீசுக்கும் தெரியாது. எப்படித் தெரியும்? ஸ்டேஷன்ல சட்டுனு மனுவ வாங்கிக்கிட்டு ரசீது குடுப்பாக, பிரச்சனை பெருசாகாதுன்னு காரணத்த நானே துடைச்சு எடுத்துட்டேன். அடிச்சவன் கூட ஒளிக்கல, நடுத்தெருவுல வச்சுச் சொல்லித்தான் அடிச்சான். ஒளிச்சது நான்.

மறுநா காலையில நடந்தத நடந்தபடி டைப் அடிச்சேன். அவன் சொன்ன வார்த்தைய ஒரு எழுத்து விடாம போட்டேன். எங்க வீட்டுக்காரர் படிச்சுப் பாத்துட்டுத் தாள மேசையில வச்சாக.

"இதக் குடுத்தா அந்தப் பக்கம் திரும்ப யாவாரத்துக்குப் போக முடியாதுத்தா."

"இப்ப மட்டும் போக முடியுதா?"ன்னேன். அவுக நல்ல கையால கையெழுத்துப் போட்டாக.

பொறவு பதினோரு வீட்டுக்கும் நடந்தேன். நான் தப்பா எழுதிட்டேன், சரியா எழுதித் தர்றேன், கையெழுத்துப் போடுறீகளான்னு கேட்டேன். ஏழு வீட்டுல முடியாதுன்னுட்டாக. அவுகளக் குத்தம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? நாலு பேரு போட்டாக. ஃபர்ஹீன் அவளப் பெத்த அத்தா தடுத்தும் கேக்காம போட்டா. கிருபாவதி அக்கா மெஷின மூடி வச்சுட்டு, "நானும் கூட வாரேன்"னு கிளம்பிருச்சு.

ஸ்டேஷன்ல எஸ்.ஐ. விஜயபாண்டி. மரியாதையாத்தான் பேசுனாரு. மனுவ ரெண்டு தரம் படிச்சாரு.

"ஏம்மா, நல்ல மனுசர் உங்க வீட்டுக்காரர். இத ஏன் மதச் சண்டையாக்குறீங்க? குடிபோதைத் தகராறுன்னு ஒரு வரி மாத்திக் குடுங்க. இப்பவே ரசீது தர்றேன். அந்தப் பயலுகளக் கூப்பிட்டுச் சமாதானம் பேசி மன்னிப்புக் கேக்க வச்சுருவோம்."

"மாத்த மாட்டேன் சார். எஃப்.ஐ.ஆர். போடுங்க. இந்த நாலு மனுவையும் சேத்து வாங்கிக்கங்க."

அவருக்கு மொகம் மாறிருச்சு. பீரோவத் திறந்து பழைய கட்டு ஒண்ண எடுத்தாரு. அந்த நாலு பேரோட பழைய மனுவும் இதே ஸ்டேஷன்ல குடுத்தது. எடுத்து மேசையில பரப்புனாரு.

"இதெல்லாம் உங்க கடையில அடிச்சது தானே? சத்தத் தகராறுன்னு இருக்கு, பஸ் நெரிசல்னு இருக்கு. இப்ப வேற கதை கொண்டாந்திருக்கீங்க. எதும்மா பொய்? அதுவா, இதுவா?"

என் எழுத்து என்னையே பாத்துக்கிட்டுக் கெடக்கு. அந்தாளு கேட்டதுல ஒரு தப்பும் இல்ல. கிருபாவதி அக்கா என் முந்தானையப் பிடிச்சு, "வா ரம்லத்து, போயிருவோம்"னுச்சு.

"அதுதான் சார் பொய்"ன்னேன். "இவுக யாரும் பொய் சொல்லல. எங்கிட்ட உண்மையத்தான் சொன்னாக. நான்தான் மாத்தி எழுதுனேன். ஒரு வெள்ளைத் தாள் குடுங்க, என் கையால எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தர்றேன்."

"வெளையாடாதீங்கம்மா. காவல் நிலையத்துக்குப் பொய் மனு எழுதிக் குடுத்ததா உங்க மேலயே கேஸ் போட வேண்டி வரும். கடையே போயிரும், பாத்துக்கங்க."

அல்லா மேல ஆணையா, அப்பத்தான் எனக்குப் பயம் விட்டுச்சு. நாற்காலிய இழுத்து அவருக்கு நேரா உக்காந்தேன்.

"போடுங்க சார். ரம்லத் பொய் எழுதுனான்னு கேஸ் போடுங்க. நான் எந்த உண்மைய மறைச்சேன்னு அந்தக் கேஸுல நீங்க எழுதித்தான ஆகணும்? கிருபாவதி வீட்டு ஜன்னல எதுக்கு ஒடச்சாக, ஃபர்ஹீன் முக்காட்ட எதுக்கு உருவுனாக, எல்லாம் உங்க பேனாவுலயே வரணும். நாங்க கேட்டு நீங்க எழுத மாட்டேங்கிறீக. என்னைய உள்ள வைக்கிறதுக்காவது எழுதுங்க."

அவரு பேனாவக் கையில எடுத்தாரு, மூடியத் திறக்கல. கிருபாவதி அக்கா என் முந்தானைய விட்டுட்டு, பக்கத்து நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்துச்சு.

"எம் பேர மொதல்ல எழுதுங்க சார்"னுச்சு. "கிருபாவதி."