வெறுங்கண்

மணல்தான், யாரோ ஒரு கைப்பிடி மணலை அள்ளிக் கண்ணுக்குள் போட்டுத் தேய்க்கிற மாதிரி இருக்கிறது, ஆனால் பஸ் இன்னும் திருக்கழுக்குன்றம்கூடத் தாண்டவில்லை, இங்கே மணல் எப்படி வரும்... தேய்க்காதே, தேய்த்தால் இன்னும் எரியும். காலையில் கங்காதரன் சார் என்னவோ சொன்னாரே, எப்போது சொன்னார், வெல்டிங்குக்கு முன்னாலா, அப்புறமா, ஞாபகம் வரவில்லை. எங்கள் காலேஜ் என்ன பெரிய காலேஜ், செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் பின்னால் இரண்டு அறை, வெல்டிங் பழக ஒரு தகரக் கொட்டகை, ஜோடிக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி. என் ஜோடி சம்பத் அதை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வெல்டிங் ராடை இரும்பில் வைத்தான், நான் குறடால் இரும்பைப் பிடித்திருந்தேன், தலையைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும், திருப்பவில்லை. வெள்ளையாய் ஒரு வெளிச்சம். சாயங்காலம் வரை ஒன்றுமில்லை, பஸ் ஏறினதும் ஆரம்பித்துவிட்டது. கண் போய்விட்டால்? கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டுகிறார்கள், வெல்டர் வேலைக்கு ஆள் எடுப்பார்கள் என்று சம்பத் தினமும் சொல்லுவான், குருடனை எவன் எடுப்பான்... கை முன்சீட்டுக் கம்பியை விடமாட்டேன் என்கிறது.

"இன்னாப்பா, அழுவுறியா?" பக்கத்து சீட்டு அம்மாள், காலடியில் மீன் விற்ற காலிக்கூடை, வாசனையே சொல்கிறது. இல்லை என்று தலையாட்டினேன். அந்த வாசனை வந்ததும் நாளைக்காலை ஞாபகம் வந்துவிட்டது, அதை நினைக்கக்கூடாது என்றுதான் இவ்வளவு நேரம் கண்ணையே நினைத்துக்கொண்டிருந்தேனோ? என் நைனா தனக்கோடிக்குக் கையில் கெளுத்தி முள் குத்தி வீங்கிக்கிடக்கிறது, கட்டுமரத்துக்கு இரண்டு ஆள் வேண்டும், என் அண்ணன் சிங்காரம் நேற்று ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஞாயித்துக்கெழம லீவுதான, நீ வா" என்றான். சரி என்றேன், வேறென்ன சொல்வது. போன வருஷம் கரைக்குப் பக்கத்திலேயே மரம் கவிழ்ந்து, நான் அதற்கு அடியில், வலை காலைச் சுற்றிக்கொண்டு, எது மேல் எது கீழ் என்று தெரியாமல் உப்பைக் குடித்துக்கொண்டு... தலைமயிரைப் பிடித்து இழுத்துப்போட்டவன் அண்ணன்தான். அன்றிலிருந்து அலையைப் பார்த்தாலே திரும்பி நடந்துவிடுகிறேன். மீன்பிடிக்கிறவன் மகனுக்குக் கடலென்றால் பயம், சொன்னால் குப்பமே சிரிக்கும். அங்கே எனக்குப் படிப்பாளி என்று பேர். படிப்பாவது ஒன்றாவது, கடல் தெரியாத இடமாகப் பார்த்து ஒளிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

மகாபலிபுரம், இறங்கு இறங்கு என்கிறான் கண்டக்டர், கண் திறக்க வரவில்லை, படியைக் காலால் தேடுகிறேன். ஒரு கை என் தோளைப் பிடிக்கிறது, அண்ணன், பீடி வாசனை.

"இன்னாடா, கண்ணு இப்பிடி வீங்கிகீது?"

வெல்டிங் நெருப்பு பட்டுவிட்டது என்றேன். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான், தார் ரோடு முடிந்து காலுக்குக் கீழே மணல், அலைச் சத்தம் கிட்டே வருகிறது, இருட்டில் அது இன்னும் பெரிசு.

"சரி, நீ வூட்ல படு. நான் ஒண்டியா போய்ட்டு வந்துட்றேன்."

"ஒண்டியாவா? காத்து இப்பிடி கீதே."

"பின்ன? நைனாவயா இட்டுகினு போறது?"

மரம் கவிழ்ந்தால் இவன் மயிரைப் பிடித்து இழுக்க யார்? இதை நான் யோசிக்கவே இல்லையே... யோசிக்கவில்லையா, அப்படியானால் வேறு எதை யோசித்தேன்? இப்போது ஞாபகம் வருகிறது, கங்காதரன் சார் குரல், வரிசையில் நிற்கிறோம், யாரும் இன்னும் ராடைத் தொடவில்லை. "வெறுங்கண்ணால பாத்தீங்கன்னா ரெண்டு நாளைக்குக் கண்ணத் தொறக்க முடியாது, அப்புறம் தானா சரியாயிடும்." முன்னாலேயே சொன்னார். நான் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். இன்றைக்குச் சனிக்கிழமை, நாளைக்குக் கடல் என்பதும் தெரியும்.

நானும் வருகிறேன் என்று சொல்லவேண்டும், சொல்லிவிடலாம், வாய்வரை வந்துவிட்டது, அலை ஒன்று கரையில் விழுகிறது, வாய் மூடிக்கொள்கிறது. ஈரக்காற்று பட்டு எரிச்சல் கொஞ்சம் தணிந்திருக்கிறது. முயன்றால் கண்ணைத் திறக்கலாம் போலிருக்கிறது.

"பள்ளம் கீது, பாத்து வா" என்கிறான் அண்ணன்.

நான் திறக்கவில்லை. அவன் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன்.