குக்கரோடு பேசுகிறவள்

அது இரண்டாயிரத்து ஏழா, எட்டா என்று எனக்கு நிச்சயமில்லை. அன்று நல்ல மழை என்பது என் நினைவு. மழையே கிடையாது, மேகம்தான் இறங்கியிருந்தது என்கிறாள் என் மனைவி லீலா. மற்ற விஷயங்களையும் நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா, எனக்குத் தோதாக மாற்றி வைத்திருக்கிறேனா, தெரியவில்லை. அவள் அந்த வரியைச் சொன்ன குரல் மட்டும் அப்படியே இருக்கிறது.

கொடைக்கானலில் ஒரு உறைவிடப் பள்ளியின் நூலகத்தில் எனக்கு வேலை. அதிகம் பேசத் தேவையில்லாத வேலை. வீட்டுக்கு வந்தாலும் கையில் ஒரு புத்தகம் இருக்கும். லீலாவுக்கும் எனக்கும் சண்டை என்று எதுவும் வந்ததில்லை. அதைப் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஆயக்குடிக்காரி. கொய்யா மண்டிச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்தவள். பக்கத்து வீட்டுச் சுமலதா வட்டக்கானலில் ஒரு விடுதியில் வரவேற்பில் இருந்தாள். அவள் குடும்பம் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறியது. சாயங்காலங்களில் எங்கள் அடுக்களையில் உட்கார்ந்து லீலாவோடு பேசிக்கொண்டிருப்பாள். என் செருப்புச் சத்தம் கேட்டால், "நான் வாறேங்கக்கா" என்று பின்வாசல் வழியே போய்விடுவாள். மரியாதை என்று நினைத்தேன்.

வாரத்துக்கு இரண்டு நாள் சுரேந்திரனின் இன்டர்நெட் கடைக்குப் போவேன். அங்கேதான் 'மூணு விசில்' என்ற படக்கதையைக் கண்டுபிடித்தேன். யாரோ பெயர் போடாமல் வலைப்பூவில் வரைந்து வந்தார்கள். நாலே கட்டம். ஒரு வீடு, ஒரு மனைவி, ஒரு பிரஷர் குக்கர். கணவனின் முகத்தைப் பார்க்கவே முடியாது. விரித்த புத்தகமும், அதற்கு மேலே ஒரு குரங்குக் குல்லாவும்தான் தெரியும். அவன் பதிலே சொல்லமாட்டான். அதனால் அவள் குக்கரோடு பேசுவாள், குக்கர் விசிலால் பதில் சொல்லும். கடையில் மற்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி நான் சிரித்திருக்கிறேன். என்ன மாதிரி ஆள் இவன் என்று அந்தக் கணவனை நினைத்துச் சிரித்திருக்கிறேன். வீட்டுக்குப் போய் லீலாவிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

எங்கள் பள்ளியில் டிசம்பர் பிறந்ததும் எல்லோர் பெயரையும் சீட்டில் எழுதி, பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்குவார்கள். நம் கைக்கு யார் பெயர் வருகிறதோ அவருக்கு யாரென்று காட்டிக்கொள்ளாமல் சாக்லேட், பூ என்று வைத்துவிட்டு வரவேண்டும். விடுமுறைக்குப் பள்ளி மூடும் நாளில், குடும்பங்களும் வந்திருக்கும் தேநீர் விருந்தில், பெரிய பரிசைக் கொடுத்து வெளிப்பட வேண்டும். எனக்கு விஜயராணி அக்கா பெயர் வந்தது. மெஸ்ஸுக்குப் பொறுப்பு, அவர் கூப்பிட்டால் ஏரிக்கரை வரை கேட்கும். அவருக்கு என்ன வாங்குவது என்று எனக்குப் பிடிபடவில்லை.

அந்த வாரம் 'மூணு விசில்' பக்கத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. வலையில் தாங்களே வரைந்து போடுகிற மூன்று பேர் சேர்ந்து, கடைகள் வழியாக இல்லாமல் நேரடியாகக் கிறிஸ்துமஸ் பரிசுகள் விற்றார்கள். ஒருவர் வரைந்த பூனை போட்ட கோப்பை, இன்னொருவரின் ஆட்டோக்காரர் போட்ட டி-ஷர்ட், 'மூணு விசில்' காலண்டர். மூன்றையும் சென்னையில் ஒரு நண்பர் அச்சடித்து அனுப்புவார்.

"கோப்பை எடுங்க சார். காப்பி குடிக்கிறவங்களுக்குக் கோப்பைதான்" என்றான் சுரேந்திரன்.

"வர்ற வழியில ஒடைஞ்சிடும்."

"அப்ப டி-ஷர்ட்டு. ஆனா விஜயராணிக்காவுக்கு அளவு தைக்கணும்னா ரெண்ட ஒண்ணாச் சேக்கணுமே!"

அவர் மெஸ்ஸில் இருபது குக்கர்களோடு மல்லுக்கட்டுகிறவர். காலண்டர்தான் பொருத்தம் என்று முடிவு செய்தேன். இவ்வளவு யோசித்து யாருக்கும் நான் எதுவும் வாங்கியதில்லை. லீலாவுக்குக்கூட.

விருந்தில் லீலா பச்சைச் சேலையில், பிளம் கேக் தட்டோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். எதிரே விஜயராணி அக்கா உறையைக் கிழித்தார். முதல் பக்கத்தைப் பார்த்ததுமே சிரித்தார்.

"ஏ, இங்க பாருங்கடி. குக்கரோட குடும்பம் நடத்துறா ஒருத்தி! இந்தக் குல்லாக்காரன் யாரு? நம்ம லைப்ரரி சாரு கணக்கால்ல இருக்கான்?"

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் கோட்டுப் பைக்குள் குரங்குக் குல்லா இருந்தது. இந்த ஊரில் யாரிடம்தான் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா உரக்கப் படித்தார். "அவரு புஸ்தகத்துல ஆளுக ஓயாமப் பேசிக்கிட்டே இருக்காங்க போல..." அடுத்த கட்டத்தின் எழுத்து சின்னது. கண்ணாடியைத் தேடிப் பைக்குள் கை விட்டார்.

"அந்தச் சத்தத்துல நம்ம பேசுறது கேக்கல, பாவம்" என்றாள் லீலா.

அவள் காலண்டர் பக்கம் பார்க்கவில்லை. கேக்கிலிருந்த திராட்சையை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். வாய் தானாகச் சொல்லியிருக்க வேண்டும். சொன்ன பிறகு தட்டைப் பிடித்திருந்த கை அசையாமல் நின்றது. அக்கா கண்ணாடியை மாட்டிப் படித்துவிட்டு, "அட, அச்சு அசலா அதேதான் போட்டிருக்கு! உனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார்.

"எல்லா வீட்டுலயும் இருக்குறதுதானேக்கா."

அவள் என்னைக் காப்பாற்றுகிறாள் என்பது எனக்குப் புரிந்தது. அந்தக் கட்டத்துக்குத்தான் நான் கடையில் கண்ணில் நீர் வரச் சிரித்திருந்தேன். காது இரண்டும் சுட்டன. என் வீட்டை நானே வண்ணத்தாளில் சுற்றி, ரிப்பன் கட்டி, ஊர் நடுவில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன். அவள் பேசியதையெல்லாம் ஒரு வருஷமாக வாசித்திருக்கிறேன். அது அவள் என்று மட்டும் தெரியவில்லை.

நாயுடுபுரம் ஏற்றத்தில் அவள் முன்னால் நடந்தாள். மழையோ மேகமோ, முகம் நனைந்தது. குல்லாவை எடுத்து மாட்டிக்கொள்ள எனக்குக் கை வரவில்லை.

"அந்தப் பிள்ளை சுமலதா வரையும். நான் சும்மா சொல்லிக்கிட்டிருப்பேன். உங்களைக் கேலி பண்ணணும்னு செய்யலீங்க."

நான் அவள் பின்னாலேயே ஏறினேன்.

"நீங்க அதைப் படிப்பீங்கன்னு எனக்குத் தெரியாது" என்றாள். வத்தலக்குண்டிலிருந்து ஏறி வந்த பஸ் ஒன்று எங்களை ஒதுங்க வைத்துவிட்டுப் போனது. அதன் வெளிச்சத்தில் திரும்பிப் பார்த்தாள். கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன். பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு நிற்கிற பிள்ளையின் முகம் அது.

"நல்லாருந்துச்சாங்க?"

எத்தனையோ சொல்லலாம். ஒவ்வொரு கட்டமும் மனப்பாடம் என்று சொல்லலாம். பைக்குள் இருந்த குல்லாவை இன்னும் ஆழமாகத் திணித்தேன். அவள் கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு நடந்தாள்.

வீட்டுக்கு வந்து குக்கரை அடுப்பில் ஏற்றினாள். நான் புத்தகம் எடுக்காமல் அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் விசில் வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது அடங்கியபிறகு, "நல்லாருந்துச்சு" என்றேன்.

அடுப்பை அணைத்தபடி அவள் கேட்டாள். "எது?"

'மூணு விசில்' அதற்குப் பிறகு வரவில்லை. சுமலதா கோயம்புத்தூர் போய் ஒரு கம்பெனியில் பாடப்புத்தகங்களுக்குப் படம் வரைகிறாள்; பொங்கலுக்கு லீலாவுக்குப் போன் செய்வாள். விஜயராணி அக்கா ஓய்வு பெற்றுவிட்டார். வருஷம் முடிந்தும் அந்தக் காலண்டர் மெஸ் சுவரில் வெகுநாள் தொங்கியது. சுரேந்திரனின் கடை இப்போது செல்போன் கடை. லீலாவும் நானும் அதே வீட்டில் இருக்கிறோம். நான் பேசுகிறேன், பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்தில். அவள் கேட்டுக்கொள்கிறாள். குக்கரோடுகூட இப்போது பேசுவதில்லை.