மச்சான் தந்த குளிசை

சுதாகரனுக்கு இரத்தப் புற்றுநோய் அடங்கி ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. ஊசியும் சேலைனும் முடிந்து, வீட்டிலிருந்தபடி குளிசை போட்டால் போதும் என்ற கட்டத்துக்கு வந்திருந்தான். மெர்கப்டோபியூரின் என்ற மாத்திரை; நாள்தோறும் பின்னேரம் ஒன்றரைக் குளிசை. மாதத்துக்கு ஒரு முறை கிளினிக்கில் இரத்தம் சோதிப்பார்கள். சுன்னாகத்தில் தண்ணீர் இறைக்கும் மெஷின்களைத் திருத்துவது அவனுடைய தொழில். வெங்காயத் தோட்டக்காரர் பழையபடி அவனைத் தேடி வரத் தொடங்கியிருந்தார்கள்.

கிளினிக்கில் பெர்னடெட் என்ற தாதி ஒவ்வொரு முறையும் அதையே சொல்லுவார். "காய்ச்சல் எண்டா வீட்டிலை நிக்கக் கூடாது, உடனை வாங்கோ. வேறை எந்தக் குளிசை போடுறதெண்டாலும் எங்களைக் கேளுங்கோ. போன் நம்பர் கொப்பியிலை கிடக்கு."

அவனும் "ஓம் மிஸ்" என்று தலையாட்டுவான்.

பங்குனி முடிகிற நேரம் அவனுடைய வலது காற் பெருவிரல் திடீரென்று வீங்கிச் சிவந்தது. செருப்புப் போட முடியவில்லை. மனைவி தர்சிகா வேலைக்குப் போயிருந்தாள். பண்டத்தரிப்பிலிருந்து அவளுடைய தமையன் ஜெயசுதன் வந்து காலைப் பார்த்தான்.

"உது யூரிக் அசிட், மச்சான். எனக்கும் உப்பிடித்தான் வீங்கினது. டொக்டர் எனக்குத் தந்த குளிசை வீட்டிலை நிறையக் கிடக்கு."

அன்றைக்கே மோட்டார் சைக்கிளில் போய் மூன்று அட்டை கொண்டுவந்தான். சுதாகரன் அட்டையைத் திருப்பிப் பெயரை வாசித்தான். அலோபியூரினோல்.

"இதை எனக்கும் தந்தவை. இந்தப் புற்றுநோய் வருத்தம் பிடிச்ச முதல் கிழமை வாட்டிலை போட்டனான்."

"பிறகென்ன? உனக்குப் பழக்கமான குளிசைதானே. நாளுக்கு ஒண்டு போடு."

ஆஸ்பத்திரியே தந்த குளிசை என்பதால் அவனுக்குச் சந்தேகம் வரவில்லை. ஒரு காற்பெருவிரலுக்காகக் கிளினிக்குக்கு போன் எடுக்க வெட்கமாகவும் இருந்தது. ஐந்தாம் நாள் வலி குறைந்தது. குளிசை வேலை செய்கிறது என்று நினைத்துத் தொடர்ந்து போட்டான்.

மூன்றாவது கிழமை, காலையில் பல் தீட்டும்போது பல்லைச் சுற்றிய முரசிலிருந்து இரத்தம் வந்தது. துப்பிவிட்டுப் பார்த்தான். நுரை முழுக்கச் சிவப்பு.

இரண்டு வருடத்துக்கு முன்னரும் இப்படித்தான் தொடங்கியது. முதலில் முரசு, பிறகு காரணமில்லாமல் உடம்பில் நீலக் கண்டல், பிறகு படியேற முடியாத களைப்பு. அவன் சேர்ட்டைக் கழற்றித் தோள்களைப் பார்த்தான். இடது தோளில் ஐந்து சத நாணயக் குற்றியளவில் ஒரு நீலம்.

திரும்பி வந்துவிட்டது.

அவன் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கிளினிக்குக்குப் போகவேண்டும், போனால் உறுதியாகச் சொல்லிவிடுவார்கள். அந்த வாட்டில் அவனுக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவருக்கு இதே நோய் இரண்டாம் முறை வந்திருந்தது. அந்தக் கட்டில் ஒரு காலையில் வெறுமையாகக் கிடந்ததை அவன் கண்டவன். கிளினிக் நாளுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அந்தப் பத்து நாளையாவது நோயில்லாத மனிதனாக இருந்துவிட நினைத்தான்.

அடுத்த நாளிலிருந்து அவன் தர்சிகாவுக்கு முதலே எழும்பிக் கிணற்றடியில் பல் தீட்டினான். வெக்கையிலும் நீளக்கைச் சேர்ட் போட்டான். வாய்க்குள் புண் வந்தபோது, பல்லுக் கொதிக்கிறது என்று சொல்லிக் கஞ்சி மட்டும் குடித்தான். எட்டாம் நாள் உடம்பு கணகணத்தது. இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு மெஷின் திருத்த உட்கார்ந்தான்.

அன்று சனிக்கிழமை, தர்சிகா வீட்டில் நின்றாள். பத்து மணிக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தவள் கோப்பையை நீட்டும்போது அவனுடைய விரலைத் தொட்டாள். உடனே கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டு நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இதென்ன, நெருப்பாக் கொதிக்குது!"

"வெயில்."

"வெயிலோ? எழும்புங்கோ. ஆட்டோவுக்குச் சொல்லுறன்."

"பின்னேரம் பாப்பம். பனடோல் போட்டனான்."

"காய்ச்சலெண்டா உடனை வரச் சொன்னவையெல்லே?"

"நான் வரேல்லை!" அவன் கத்தினான். பிறகு குரல் உடைந்தது. "தர்சி, அது திரும்ப வந்திட்டுது. எனக்குத் தெரியும். என்னைக் கொண்டுபோகாதை."

அவள் உள்ளே போய்க் கிளினிக் கொப்பியையும் அவனுடைய மருந்துப் பையையும் எடுத்துக்கொண்டு வந்தாள். அவனை ஆட்டோவில் ஏற்றும்வரை அவனுடைய கையை அவள் விடவில்லை.

வாட்டில் அவனுடைய முரசையும் தோளையும் பார்த்துவிட்டு இரத்தம் எடுத்தார்கள். ஒரு மணித்தியாலத்தில் டொக்டர் நிவேதனா தாளோடு வந்தார். வெண்குழியங்கள் இல்லையென்றே சொல்லலாம். இரத்தத்தை உறையவைக்கும் குருதிச் சிறுதட்டுகளும் அடிமட்டத்தில்.

"நோய் திரும்பிட்டுதோ டொக்டர்?" தர்சிகாதான் கேட்டாள். சுதாகரன் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"இப்ப சொல்லேலாது. எலும்புக்குள்ளை ஊசி போட்டுப் பாக்கவேணும். முதல் காய்ச்சலுக்கு மருந்து ஏத்துவம். உள்ளை கிருமி பரவினால் தாங்கிற சக்தி இவருக்கு இல்லை."

பெர்னடெட் மருந்துப் பையை வாங்கி மேசையில் கொட்டினார். ஒவ்வொன்றாகக் கொப்பியோடு சரிபார்த்து வந்த கை ஓர் அட்டையில் நின்றது.

"இது எங்கடை இல்லையே. ஆர் தந்தது?"

சுதாகரன் திரும்பிப் பார்த்தான். "மச்சான் தந்தவர். கால் வீக்கத்துக்கு. நீங்களும் முந்தித் தந்ததுதானே மிஸ்."

டொக்டர் அட்டையை வாங்கினார். "எத்தினை நாள் போட்டனீங்கள்?"

"ஒரு மாதம் வரும்."

டொக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப தந்தனாங்கள், ஓம். அப்ப நீங்கள் மெர்கப்டோபியூரின் போடேல்லை. அந்தக் குளிசையை உடம்பு கழிச்சு வெளியிலை விடுறதை இது தடுக்கும். ஒன்றரை போட, உள்ளை அஞ்சாறு போட்ட மாதிரி. அதுதான் இரத்தம் ஊறுறது நிண்டு போச்சு."

"அப்ப வருத்தம் வரேல்லையோ?" தர்சிகா கேட்டாள்.

"இதாலைதான் எண்டு நினைக்கிறன். சோதனை முடியாமல் உறுதி தரேலாது. ஆபத்தும் இன்னும் போகேல்லை."

இரண்டு குளிசையையும் நிறுத்தினார்கள். அவனைத் தனி அறையில் விட்டார்கள். காய்ச்சல் நான்கு நாள் விடவில்லை. குளிர் பிடித்து ஆட்டும்போது கட்டில் கிறீச்சிட்டது. ஜெயசுதனை உள்ளே விடவில்லை. அவன் நாள்தோறும் பண்டத்தரிப்பிலிருந்து வந்து வெளியில் மர வாங்கிலில் குனிந்தபடி உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான். "நான் கொல்லவெண்டே குடுத்தனான்?" என்று தங்கையிடம் கேட்டான்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. பத்தாம் நாள் வெண்குழியங்கள் ஏறத் தொடங்கின. எலும்புச் சோதனையின் முடிவு பதின்மூன்றாம் நாள் வந்தது. நோய் இல்லை. மெர்கப்டோபியூரினைக் குறைந்த அளவில் திரும்பத் தொடங்கலாம் என்றார் டொக்டர்.

அவர் போனதும் சுதாகரன் சிரித்தான். தர்சிகா சிரிக்கவில்லை. பதின்மூன்று நாளாக அழாமல் ஓடித் திரிந்தவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இஞ்சை வர முதல், முரசிலை இரத்தம் வந்தது எத்தினை நாளாத் தெரியும்?"

"எட்டு நாள்."

"எட்டு நாள் என்னோடை ஒரே வீட்டிலை இருந்து சாப்பிட்டனீங்கள்."

"பயமாக் கிடந்தது, தர்சி."

"எனக்குப் பயமில்லையோ?" அவள் வாயைக் கையால் பொத்தினாள். அழுகை அதையும் மீறி வந்தது. "பயந்தா என்னட்டைச் சொல்லிப் போட்டுப் பயப்பிடுங்கோ. நானும் சேந்து பயப்பிடுறன்."

அவன் கட்டிலில் நகர்ந்து இடம் விட்டான். அவள் உட்கார்ந்தாள். வெளி வாங்கிலில் இருந்த ஜெயசுதனுக்கு நல்ல செய்தியைச் சொல்லவேண்டும் என்பது பெர்னடெட் வந்து சொன்ன பிறகுதான் அவர்களுக்கு நினைவு வந்தது.