குழிக்குள் இறங்காத பசீலியோ

பசீலியோ பாதிரியாரின் உடல் அடக்கத்தன்று குழிக்குள் இறங்கவில்லை. படுத்தபடியே இடுப்பளவு உயரத்தில் காற்றில் நின்றது. குழிவெட்டும் கொஸ்மா மேலே ஏறி உட்கார்ந்து பார்த்தான். அவனையும் சுமந்துகொண்டு நின்றது.

காரணம் ஊருக்கே தெரியும். இத்தாலியின் தென்கோடியில், கலாப்ரியா மலையில் எங்கள் பெத்ரானோவில் ஒரே பீடத்தில் இரண்டு மொழிகளிலும் பூசை நடந்துவந்தது. சுவிசேஷப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் இடப்பாதியில் கிரேக்கம், வலப்பாதியில் லத்தீன். வடக்கிலிருந்து வந்த புது ஆயருக்கு அது பொறுக்கவில்லை. தனக்குத் தெரியாத பாஷையில் இவர்கள் கடவுளிடம் என்னவோ சொல்லிவைக்கிறார்கள் என்ற சந்தேகம். கிரேக்க முறைப்படி மணம் செய்துகொண்ட பாதிரியான பசீலியோ, உயிரோடு இருந்தவரை புத்தகத்தைத் தொட விடவில்லை. அவர் உடல் குளிர்வதற்குள் ஆயரின் உதவியாளர் குய்தோ கத்தியோடு வந்து, தோல் ஏடுகளை நடுவில் நெடுக அறுத்தார். வலப்பாதி கோயிலுக்குப் போயிற்று. இடப்பாதியை, செத்தவருக்காகக் கோதுமை அவித்துக்கொண்டிருந்த அவர் மனைவி சிக்கேலியாவின் முன்னால் வீசினார். அடுப்பெரிக்க ஆகுமாம்.

ஏட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு என்பது அந்தப் படித்த மனிதருக்குத் தோன்றவில்லை. கிரேக்கத்தின் முதுகில் லத்தீனும், லத்தீனின் முதுகில் கிரேக்கமும் இருந்தன. கல்லறையில் லத்தீனை வாசித்துக்கொண்டே வந்த குய்தோ ஏட்டைத் திருப்பினார். கிரேக்கம். மென்று விழுங்கினார், ஆமென் என்றார், இறக்கச் சொன்னார்.

"பாதி வாசிச்சீங்க, அவரும் பாதி வழியில நிக்கிறாரு" என்றான் கொஸ்மா.

குய்தோ சிக்கேலியாவிடம் வந்தார். "மிச்சத்தைக் குடும்மா."

"அறுக்கத் தெரிஞ்ச கைக்குத் திருப்பிப் பாக்கத் தெரியலையா, சாமி? தரமாட்டேன். தைச்சுக் குடுங்க. என் புருஷனுக்கு அவரு பாஷையிலயும் வாசிக்கணும். இல்லேன்னா நிக்கட்டும்."

"ஆயர் சம்மதிக்க மாட்டார்."

"அப்போ அவரையே வந்து அமுக்கச் சொல்லுங்க."

ஒலிவ அறுவடை முடிந்தது, மழை வந்தது. பசீலியோ நின்றார். சிக்கேலியா அவர் முகத்தைத் துடைத்துத் தாடியைச் சீவிவிட்டாள். மனு கொடுக்கப் போனவளை ஆயர் வீட்டு வாசலில் வெயிலில் நிறுத்திவைத்துத் திருப்பி அனுப்பினார்கள். ஊரில் செத்த ஏழைகளெல்லாம் அவருக்குப் பக்கத்திலேயே வரிசையாக நின்றார்கள், லத்தீன்காரர்களும்கூட. ஆயர் வீட்டில் யாருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. பிறகு ஆயரின் தம்பி செத்து, பட்டுப் போர்வையோடு மேலே எழும்பினார். அன்று மதியமே ஊசியும் நூலும் வந்துவிட்டன.

சிக்கேலியாவின் முற்றத்தில் உட்கார்ந்து குய்தோவே தைத்தார். விரலில் குத்திக்கொண்டபோது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. லத்தீனை அவர் வாசித்தார். கிரேக்கம் வாசிக்கப் பாதிரி இல்லாததால் அவளே வாசித்தாள். பெண் வாசிக்கலாமா என்று கேட்கும் துணிவு அன்று யாருக்கும் இல்லை. நெடுநேரம் நின்றவர் காலை நீட்டிப் படுப்பதுபோல பசீலியோ இறங்கினார். ஏழைகள் அவர் பின்னால் இறங்கினார்கள். ஆயரின் தம்பி கடைசியில்.

அடுத்த ஞாயிறு, அந்தப் புத்தகத்தைக் காப்பாற்றியது தானே என்று ஆயர் பிரசங்கம் செய்தார். சிக்கேலியாவிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, இன்றுவரை.

பெத்ரானோவில் இப்போதும் இரண்டு வாசிப்பும் முடியும்வரை பிணம் இடுப்பளவில் நிற்கும். வாசிப்பு நீளும் நாட்களில் கொஸ்மா தன் ரொட்டியையும் ஒலிவக் காயையும் அதன்மேல் வைத்துச் சாப்பிடுகிறான்.