வார்னிஷ் அடித்த கூடை

கடைசிப் பட்டையையும் இரும்பு வளையத்தோடு சேர்த்துத் திருகி முடித்ததும், பாலிஷ்காரர் கூடையைத் தூக்கிக்கொண்டு நேராகத் தங்கையின் அறைக்குள் போனார். பழம் பிழியும் இயந்திரத்தின் மரக்கூடை அது. பழைய பட்டைகள் சாறு ஊறி உளுத்து, போன வருஷமே முறிந்துபோயிருந்தன.

தங்கைக்குத் தொண்டையில் நோய். மருத்துவர் கையை விரித்துவிட்டார். கரண்டியில் ஊட்டும் தண்ணீர்தான் ஆகாரம். மிக்ஸியில் அடித்த சாறு வெறும் நுரை என்று தள்ளிவிட்டாள். வீட்டுப் பந்தலில் பழுத்த திராட்சையை அந்த இயந்திரத்தில் பிழிந்து ஒரு வாய் வேண்டும் என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை. இனி அவளுக்குத் தன்னால் ஆகக்கூடியது இது ஒன்றுதான் என்று அண்ணன் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மரத்தை இழைத்து, விளிம்பு மழுக்கி, சாறு வடிய இடைவெளி விட்டு, குறை சொல்ல முடியாத வேலை. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆயுசு முழுக்க அலமாரிக்கும் கட்டிலுக்கும் பாலிஷ் போட்ட கை சும்மா இருக்குமா? உள்ளும் புறமும் வார்னிஷ் அடித்துவிட்டது. தொட்டுப் பார்த்தார், ஒட்டவில்லை. காய்ந்துவிட்டது என்று முடிவு கட்டினார். வாடையா? அவர் மூக்கு செத்து எத்தனையோ வருஷமாகிறது. அடுப்பில் பால் தீய்ந்தால்கூடப் பக்கத்து வீட்டுக்காரர்தான் வந்து சொல்ல வேண்டும்.

தங்கை தலையைத் திருப்பிக் கூடையின் பளபளப்பைப் பார்த்தாள். கண் மட்டும் சிரித்தது.

"உன்ன விட்டா என் நெத்திக்கும் வார்னிஷ் அடிச்சிடுவண்ணே."

பழத்தைக் கொட்டித் திருகினார். சாறு கருஞ்சிவப்பாகக் கிண்ணத்தில் வடிந்தது. முதல் கரண்டியை அவரே ஊட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். விழுங்க வெகுநேரம் பிடித்தது. பக்கத்திலிருந்த அவள் கணவர் கிண்ணத்தின் மேல் குனிந்தவர், சட்டென்று அதை வாங்கக் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

"இன்னும் கொஞ்சம் குடுண்ணே."

இரண்டாவது கரண்டியும் இறங்கியது. பாலிஷ்காரர் மனசு நிறைந்து, வெட்கமில்லாமல் அழுதார். அன்று மதியம் அவள் மூச்சு அடங்கியது. எல்லோரும் எதிர்பார்த்திருந்ததுதான்.

மறுநாள் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்தபோது வீட்டில் பாலிஷ்காரரும் தங்கையின் கணவரான மாப்பிள்ளையும்தான் மிச்சம். மாப்பிள்ளைக்குக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. பாலிஷ்காரர் பிரிட்ஜில் மிச்சமிருந்த சாற்றை டம்ளரில் ஊற்றி நீட்டினார்.

"குடிங்க மாப்பிள்ளை. அவ ஆசையாக் குடிச்சது."

அவர் வாங்கினார். வாய்வரை கொண்டுபோய்விட்டு அப்படியே கீழே வைத்தார். பாலிஷ்காரர் விடாமல் வற்புறுத்தினார். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வார்னிஷ் வாடை, மச்சான். வாயில வைக்க முடியாது."

அவளுக்கு மட்டும் எப்படி என்று கேட்க வாயெடுத்தவருக்கு, நீட்டிய கையை அவள் பிடித்துக்கொண்டது ஞாபகம் வந்தது. டம்ளரை எடுத்து மடமடவென்று குடித்தார். தித்திப்பாகத்தான் இருந்தது. கடைசியாகக் கேட்ட ஒன்றையும் கெடுத்துக் கொடுத்தோமே, அண்ணன் முகம் வாடக்கூடாதென்று அதையும் விழுங்கினாளே!

பின்பக்கம் போய்க் கூடையின் திருகாணிகளைக் கழற்றினார். உப்புத்தாளால் ஒரு பட்டையைத் தேய்க்க ஆரம்பித்தார். மினுமினுப்பு போயிற்று, வெளுத்த மரம் தெரிந்தது. அப்போதும் நிறுத்தவில்லை. மாப்பிள்ளை வந்து பக்கத்தில் உட்கார்ந்து, விட்டுவிடச் சொல்லிப் பார்த்தார். அது அவர் காதில் ஏறவில்லை.

பட்டையை ஊதித் துடைத்து மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

"போயிடுச்சா, பாருங்க."

மாப்பிள்ளை முகர்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு கீழே கிடந்த உப்புத்தாளை எடுத்து, அந்தப் பட்டையோடு மறுபடி அவரிடம் கொடுத்தார்.